ஒரு ஃபார்முலா 3 சீசனை நோட்டும் பேனாவுமாகப் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மதியம். இத்தாலியின் மோன்ஸாவில் ஃபார்முலா 3 சீசனின் கடைசி ரேஸ். கடைசி லேப்பில் லியோனார்டோ ஃபோர்னரோலி என்ற இத்தாலிய இளைஞர் கிறிஸ்டியன் மான்செலை முந்தி மூன்றாம் இடத்துக்கு வந்தார். அந்த ஒரு முந்தலில் சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வந்தது. அந்த சீசனின் 20 ரேஸ்களில் அவர் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதே சீசனில் நான்கு ரேஸ் ஜெயித்த ஆர்விட் லிண்ட்பிளாட் நான்காம் இடத்தில் முடித்தார்.

ஜெயிக்காதவர் சாம்பியன் ஆனது எப்படி என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் பலர். ரேஸை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது, சீசனைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. எஃப்3 இன்றைய வடிவில் தொடங்கிய 2019இலிருந்து நான் நோட்டு போட்டுப் பின்தொடர்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஃபார்முலா 1 மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கும், ரேஸிங்கே புதிது என்பவர்களுக்கும் இது போதும்.

ஒரு சின்ன ஏற்பாடு: தமிழில் 'சுற்று' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு வார இறுதி முழுவதையும் 'சுற்று' என்றும், டிராக்கை ஒருமுறை சுற்றி வருவதை 'லேப்' என்றும் எழுதுகிறேன். 'தகுதிச் சுற்று' மட்டும் விதிவிலக்கு: ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும் வெள்ளிக்கிழமை ஓட்டம் அது.

படி 1: ஏணியில் எஃப்3 எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சின்ன வயதில் கோ-கார்ட். 15 வயதில் ஃபார்முலா 4. அதற்கு மேல் ஃபார்முலா ரீஜனல், பிறகு எஃப்3, எஃப்2, உச்சியில் எஃப்1. எஃப்1 காரில் உட்கார சூப்பர் லைசென்ஸ் என்ற அனுமதி வேண்டும். மூன்று சீசன்களுக்குள் 40 லைசென்ஸ் புள்ளி சேர்த்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. எஃப்4 சாம்பியனுக்கு 12 கிடைக்கும். எஃப்3 சாம்பியனுக்கு 30, இரண்டாம் இடத்துக்கு 25, மூன்றாம் இடத்துக்கு 20. எஃப்2வில் முதல் மூன்று பேருக்கும் 40.

இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். சீசன் முடிவில் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஏன் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். அங்கே கோப்பை மட்டும் பணயத்தில் இல்லை, அடுத்த வருடம் இருக்கை கிடைக்குமா என்பதும் இருக்கிறது.

படி 2: கார் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதை மனதில் பதியுங்கள்

எஃப்1இல் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே உருவாக்கும். எஃப்3இல் அப்படி இல்லை. 10 அணிகள், அணிக்கு 3 பேர், மொத்தம் 30 கார்கள். எல்லாக் கார்களையும் இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்கிறது. எஞ்சின் மெக்காக்ரோமின் 3.4 லிட்டர் வி6, டர்போ கிடையாது, ஏறக்குறைய 380 குதிரைத்திறன். டயர் பிரெல்லி. 2025இல் காரின் புதிய தலைமுறை வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

அப்படியானால் அணிக்கு அணி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? செட்-அப்பிலிருந்து. இறக்கையின் கோணம், சஸ்பென்ஷன், டயர் காற்றழுத்தம், காரின் உயரம் இவற்றை எப்படி அமைக்கிறார்கள் என்பதில் பிரேமா, ட்ரைடென்ட் போன்ற அணிகள் பல வருட அனுபவம் சேர்த்து வைத்திருக்கின்றன. புதிதாக வந்த அணிக்கு அந்தக் குறிப்புகள் இருக்காது.

இதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. ஓர் ஓட்டுநரை முதலில் அவருடைய அணித் தோழர்கள் இருவரோடு ஒப்பிடுங்கள். ஒரே கார், ஒரே பொறியாளர் கூட்டம், ஒரே தரவு. 2020இல் பிரேமாவின் மூன்று பேரும் சீசன் முடிவில் 1, 3, 4 ஆகிய இடங்களில் இருந்தார்கள்: ஆஸ்கர் பியாஸ்ட்ரி, லோகன் சார்ஜென்ட், ஃப்ரெடரிக் வெஸ்டி. அந்த அணிக்குள் ஜெயிப்பதே ஒரு சாம்பியன்ஷிப். மாறாக, பின்வரிசை அணி ஒன்றில் ஒருவர் அடிக்கடி 11ஆம் இடத்தில் தகுதி பெறுகிறார், அவருடைய தோழர்கள் 24, 27 என்று நிற்கிறார்கள் என்றால், அந்தப் பெயரைக் கோடிட்டு வையுங்கள்.

காரின் எண்ணிலும் ஒரு தகவல் இருக்கிறது. எஃப்1 போல ஓட்டுநர் தனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்வதில்லை. முந்தைய சீசனில் அணிகள் முடித்த வரிசைப்படி 1, 2, 3 முதல் அணிக்கு, 4, 5, 6 அடுத்த அணிக்கு என்று போகும். 13 என்ற எண் மட்டும் கிடையாது. அதனால் கடைசி எண் 31. டிவியில் ஒரு கார் கடந்து போகும்போது எண்ணைப் பார்த்தே எந்த அணி என்று சொல்லிவிடலாம்.

படி 3: நோட்டைத் தயார் செய்யுங்கள்

மளிகைக் கடையில் கணக்கு எழுதும் நீள நோட்டு இருக்கிறதே, அதுதான் இதற்குச் சரி. எதிரெதிர் இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போடுங்கள். கீழ்நோக்கி 30 பெயர்கள், அணிவாரியாக. அடியில் நான்கைந்து வரி காலியாக விடுங்கள். சீசன் நடுவில் பணம் தீர்ந்தோ காயம்பட்டோ யாராவது விலகுவார்கள், வேறொருவர் வருவார். வருடா வருடம் நடக்கிற விஷயம் இது.

பக்கவாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று கட்டம்: தகுதிச் சுற்றின் இடம், சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரின்ட் ரேஸின் இடம், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பெரிய ரேஸான ஃபீச்சர் ரேஸின் இடம். 2024 போலப் பத்துச் சுற்று என்றால் 30 கட்டம்.

கடைசியாக ஒரு பத்தி. இதுதான் என் நோட்டில் எனக்கு மிக முக்கியமானது. அதற்கு 'முட்டை' என்று பெயர். ஒரு வார இறுதியில் இரண்டு ரேஸிலும் சேர்த்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்றால் அவர் பெயருக்கு நேரே ஒரு முட்டை. பள்ளிக்கூடத்தில் நமக்குப் போட்ட அதே முட்டைதான்.

முதல் சில வருடங்கள் இந்தப் பத்தி என் நோட்டில் இல்லை. வெற்றிகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுக்கொண்டிருந்தேன். சீசன் முடிவில் சிவப்பு வட்டம் அதிகம் உள்ளவர் மேலே இல்லாததைப் பார்த்துத்தான் முட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். சாம்பியன் பட்டப் போட்டி முட்டை குறைவாக இருப்பவர்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

படி 4: நாட்காட்டியை வாசியுங்கள்

தேதிகளைக் குறிப்பதோடு நிறுத்தாதீர்கள். சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2024இல் மார்ச் மாத மெல்போர்னுக்குப் பிறகு மே மாத இமோலா வரை ஏறக்குறைய எட்டு வாரம் ரேஸே இல்லை. அப்புறம் ஜூன் கடைசியில் பார்சிலோனா, ஸ்பீல்பெர்க், ஜூலை தொடக்கத்தில் சில்வர்ஸ்டோன் என்று அடுத்தடுத்த மூன்று வார இறுதிகள். இப்படி வரும் நெருக்கமான தொடரில் ஒருவர் ஃபார்முக்கு வந்தால் சீசனே புரளும். ஒருவர் தடுமாற ஆரம்பித்தால் உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

டிராக்குகளையும் குணத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மொனாக்கோ 3.337 கிலோமீட்டர், முந்துவது மிகக் கடினம், அங்கே தகுதிச் சுற்றே பாதி ரேஸ். ஹங்கரியின் ஹங்கரோரிங்கும் வளைவுகள் நிறைந்த டிராக், அங்கேயும் முந்த இடம் குறைவு. மோன்ஸா நேர்க்கோடுகளின் டிராக். முன்னே போகும் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையிலிருந்து தப்பித்தால்தான் வேகம் வரும். இதைத்தான் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். பெல்ஜியத்தின் ஸ்பா 7.004 கிலோமீட்டர், ஒரு மூலையில் மழை, மறுமூலையில் வெயில் என்பது அங்கே சாதாரணம்.

நேரக் கணக்கு நமக்கு ரொம்ப வசதி. கோடையில் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், இங்கிலாந்துக்கு நான்கரை. எஃப்3 பெரும்பாலும் எஃப்1 வார இறுதிகளில் துணைப் போட்டியாக நடப்பதால் அவர்களுக்குக் காலை நேரம்தான் ஒதுக்குவார்கள். அவர்களின் ஞாயிறு காலை நமக்கு நடுப்பகல். சமையல் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் ஃபீச்சர் ரேஸ் வந்துவிடும். மெல்போர்னுக்கு மட்டும் விடியலுக்கு முன்பே அலாரம் வைக்க வேண்டியிருக்கும்.

படி 5: வெள்ளிக்கிழமையைத் தவறவிடாதீர்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். ரேஸ் சனியும் ஞாயிறும்தானே, வெள்ளிக்கிழமை எதற்கு என்று. என் அனுபவத்தில் ஒரு வார இறுதியின் முக்கியமான அரை மணி நேரம் வெள்ளிக்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றுதான்.

காலையில் 45 நிமிடம் பயிற்சி. அவ்வளவுதான், அதற்கு மேல் கிடையாது. பிறகு 30 நிமிடத் தகுதிச் சுற்று. அதில் ஒருவர் ஓட்டும் மிக வேகமான ஒரு லேப் ஞாயிற்றுக்கிழமை ஃபீச்சர் ரேஸின் வரிசையை முடிவு செய்யும். அதே முடிவின் முதல் 12 பேரைத் தலைகீழாகத் திருப்பினால் சனிக்கிழமை ஸ்பிரின்டின் வரிசை. ஆக, ஒரே லேப் இரண்டு ரேஸுக்கும் விதை. முதலிடம் பிடிப்பவருக்கு, அதாவது போல் எடுப்பவருக்கு, 2 புள்ளியும் உண்டு.

அந்த 30 நிமிடம் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சிக்கலானது. எஃப்1இல் டயரைப் போர்வையால் சூடாக்கி வைத்திருப்பார்கள். எஃப்3இல் அது கிடையாது. குளிர்ந்த டயரோடு வெளியே வந்து, ஓட்டி ஓட்டிச் சூடேற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் பிடிப்பு வராது, அதிகமானால் டயரின் நல்ல நேரம் போய்விடும். அந்த உச்சமான பிடிப்பு ஓரிரு லேப்புக்குத்தான். அதே நேரத்தில் மற்ற 29 பேரும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் மெதுவாகச் சூடேற்றிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் முழு வேகத்தில் வருவார். வழிவிடத் தவறினால் ஸ்டூவர்டுகள் எனப்படும் போட்டி நடுவர்கள் ரேஸின் தொடக்க வரிசையில் அவரைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். யாராவது சுவரில் மோதினால் சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் நல்ல லேப்பில் இருந்தவர்களின் டயர் வீண்.

முதல் 20 பேருக்குள் ஒரு விநாடிதான் வித்தியாசம் என்பது எஃப்3இல் சகஜம். ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனால் 4ஆம் இடம் 14ஆம் இடமாகிவிடும். 14ஆம் இடம் என்றால் ஸ்பிரின்டின் தலைகீழ் வரிசையிலும் இடமில்லை, ஃபீச்சரிலும் நடுக் கூட்டத்தின் மோதல்களுக்கு மத்தியில் தொடக்கம். முட்டை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையே கருவாகிவிடுகிறது.

2023 சீசன் இதற்கு நல்ல சாட்சி. பிரேசிலின் கேப்ரியேல் போர்ட்டோலெட்டோ அந்த வருடத்தின் முதல் இரண்டு ஃபீச்சர் ரேஸ்களை, பஹ்ரைனிலும் மெல்போர்னிலும், ஜெயித்தார். அதற்குப் பிறகு வெற்றியே இல்லை. ஆனால் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். கடைசிச் சுற்றான மோன்ஸாவில், வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்த கணமே அவர் சாம்பியன். ரேஸ் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் எதிராளிகளுக்குக் கணக்கில் வழியில்லாமல் போய்விட்டது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நோட்டில் 30 பேரின் இடத்தையும் எழுதுங்கள். முதல் 12க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அணித் தோழர்களில் யார் முன்னே என்று ஒரு சின்ன அம்புக்குறி. ஐந்தாறு சுற்று போனதும் இந்த அம்புக்குறிகள் பேச ஆரம்பிக்கும். மொனாக்கோவில் மட்டும் முறை வேறு: குறுகலான சாலை என்பதால் 30 கார்களையும் இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட விடுவார்கள்.

படி 6: சனிக்கிழமை ஸ்பிரின்ட்

தகுதிச் சுற்றில் 12ஆம் இடம் பிடித்தவர் முதலில் நிற்பார், போல் எடுத்தவர் 12ஆவதாக நிற்பார். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். எனக்கு இது பிடித்த விதி. வேகமானவர் மற்றவர்களை முந்திக் காட்ட வேண்டும், மெதுவானவர் முன்னே நின்று தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும். இருவருக்கும் சோதனை.

ஸ்பிரின்டின் புள்ளிகள் 10, 9, 8 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாம் இடத்துக்கு 1. இங்கே ஜெயித்தவரைவிட, 12ஆவதாகத் தொடங்கியவர் எங்கே முடித்தார் என்பதைக் கவனியுங்கள். 12இலிருந்து 6க்கு வந்தால் 5 புள்ளி. அதைப் பெரிய சேதமில்லாமல் வாரா வாரம் எடுப்பவர் ஆபத்தான ஆள். ஸ்பிரின்ட் கட்டத்தில் முடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஏறியதா இறங்கியதா என்று +6, -4 எனக் குறித்துவையுங்கள்.

படி 7: ஞாயிறு ஃபீச்சர்

இதுதான் பெரிய ரேஸ். புள்ளிகள் எஃப்1 போலவே: 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. மிக வேகமான லேப்புக்கு 1 புள்ளி, அதுவும் முதல் பத்துக்குள் முடித்தவருக்கு மட்டும். அந்த 1 புள்ளி ஸ்பிரின்டிலும் உண்டு. எல்லாம் கூட்டினால் ஒரு வார இறுதியில் ஒருவர் அதிகபட்சம் எடுக்கக்கூடியது 39.

எஃப்2வின் ஃபீச்சரில் ஒருமுறை பிட்டுக்கு வந்து டயர் மாற்றியே ஆக வேண்டும். எஃப்3இல் அந்தக் கட்டாயம் இல்லை. தொடங்கிய டயரோடே 45 நிமிடம் வரை ஓட்ட வேண்டும். அதனால் ரேஸின் நடுப்பகுதி அமைதியாகத் தெரியும். உண்மையில் அப்போதுதான் முக்கியமான வேலை நடக்கிறது. முன் காரை ஒட்டியே போனால் கலங்கிய காற்றில் டயர் சூடேறித் தேயும், ஒரு விநாடிக்கு மேல் விலகிப் போனால், பின்பக்க இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் டிஆர்எஸ் வசதி கிடைக்காது. ஒரு விநாடி இடைவெளியில் எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது விலகி டயரைக் காப்பது என்பதில்தான் பக்குவம் தெரியும். கடைசி ஐந்து லேப்பில் யாருடைய டயரில் உயிர் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். விபத்தின்போது எல்லாக் கார்களையும் மெதுவாக வரிசையாக அழைத்துப் போகும் சேஃப்டி கார் வந்துவிட்டால் சேர்த்த இடைவெளியெல்லாம் போய்விடும். ஆனால் காத்துவைத்த டயர் போகாது.

ஒரு எச்சரிக்கை: கொடி விழுந்ததும் பேனாவை எடுக்காதீர்கள். பென்சிலில் எழுதுங்கள். ரேஸ் முடிந்து சில மணி நேரம் கழித்துத்தான் இறுதி முடிவு வரும். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதற்கு ஐந்து விநாடி, மோதியதற்குப் பத்து விநாடி, தொழில்நுட்பப் பரிசோதனையில் தகுதி நீக்கம் என்று வரிசை மாறிக்கொண்டே இருக்கும். 2024 ஹங்கரியில் நடந்த எஃப்2 ஸ்பிரின்ட் ரேஸில் முதலில் கோட்டைக் கடந்தவர் ரிச்சர்ட் வெர்ஷோர். பிறகு அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதில் வெற்றி பெங்களூருவின் குஷ் மைனிக்கு வந்தது. மேடையில் கோப்பை வாங்கியவர் வேறு, பதிவேட்டில் இருப்பவர் வேறு. அடுத்த வருடம் மொனாக்கோ ஸ்பிரின்டை அதே குஷ் மைனி டிராக்கிலேயே நேராக ஜெயித்தார். அன்றைக்கு நான் தயங்காமல் பேனாவிலேயே எழுதினேன்.

படி 8: பாதி சீசனில் ஒரு கணக்கு

ஐந்தாவது சுற்று முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புள்ளிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு உங்கள் நோட்டை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொருவரின் தகுதிச் சுற்று இடங்களைக் கூட்டி ஐந்தால் வகுங்கள். அந்தச் சராசரி 6க்குள் இருப்பவர்கள் நான்கைந்து பேர்தான் தேறுவார்கள். அடுத்து முட்டைப் பத்தி. இரண்டு முட்டைக்கு மேல் வாங்கியவர்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்கள் வேகமானவர்களாக இருக்கலாம், ஆனால் பட்டத்துக்கு வழி குறுகிவிட்டது.

ஏன் என்று எண்களில் சொல்கிறேன். ஒருவர் நான்கு ஸ்பிரின்ட் ரேஸ்களை ஜெயித்தால் 40 புள்ளி. இன்னொருவர் எதையும் ஜெயிக்காமல் பத்து ஃபீச்சரிலும் ஐந்தாவதாக வந்தால் 100 புள்ளி. முன்னவரின் படம் எல்லா இடத்திலும் வரும், பின்னவரின் பெயரைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் நோட்டு சொல்லும்.

2024ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். லிண்ட்பிளாட் எஃப்3க்கு வந்த முதல் வார இறுதியிலேயே பஹ்ரைனில் ஸ்பிரின்டை ஜெயித்தார். பார்சிலோனாவில் ஃபீச்சர். சில்வர்ஸ்டோனில் ஒரே வார இறுதியில் இரண்டு ரேஸும். அந்த ஞாயிறு அவரே அடுத்த சாம்பியன் என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஹங்கரி, ஸ்பா, மோன்ஸா மூன்றிலும் அவருக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. ஃபோர்னரோலி மறுபக்கம் நான்கு, ஐந்து, இரண்டு, மூன்று என்று எறும்பு சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொண்டிருந்தார். முடிவில் 153 புள்ளி. அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு அடுத்த வருடமே பதில் கிடைத்தது. 2025இல் அவர் எஃப்2வுக்குப் போய், அங்கே ரேஸ்களையும் ஜெயித்து, பட்டத்தையும் வாங்கினார். லிண்ட்பிளாடின் வேகமும் பொய்யில்லை. 2026க்கு எஃப்1 இருக்கை அவருக்குக் கிடைத்தது. சீசனை வெல்வது ஒரு திறமை, கண்ணில் படும் வேகம் இன்னொரு திறமை. நோட்டில் இரண்டும் தனித்தனியே தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லா வருடமும் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் பியாஸ்ட்ரி ஒரு போல்கூட எடுக்காமல் சாம்பியன் ஆனார். 2025இல் ரஃபேல் கமாரா போலும் எடுத்து, ஃபீச்சரும் ஜெயித்து, ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போதே ஹங்கரியில் பட்டத்தை முடித்துவிட்டார்.

படி 9: கடைசி இரண்டு சுற்று

இப்போது நோட்டில் தனிப் பக்கம். பட்டத்துக்கு வாய்ப்புள்ளவர்களின் பெயர், புள்ளி, மீதமுள்ள அதிகபட்சம். ஒரு சுற்றுக்கு 39, இரண்டு சுற்றுக்கு 78. முதலிடத்தில் உள்ளவரைவிட 78க்கு மேல் பின்தங்கியவரை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் கணக்கைத் திருத்துங்கள். போலுக்கான 2 புள்ளிகூட ஒருவரை வெளியே தள்ளும். போர்ட்டோலெட்டோவுக்கு எதிராக நின்றவர்களுக்கு நடந்தது அதுதான்.

இந்தக் கட்டத்தில் எஃப்3 எவ்வளவு நெருக்கமாக முடியும் என்பதற்கு இரண்டு வருடங்கள். 2022இல் விக்டர் மார்டின்ஸ் 139, ஸேன் மலோனி 134, ஆலிவர் பேர்மன் 132. பார்படோஸ் தீவிலிருந்து வந்த மலோனி கடைசி மூன்று ஃபீச்சர் ரேஸ்களையும் ஜெயித்தார்: ஸ்பா, ஸாண்ட்வோர்ட், மோன்ஸா. மூன்று ரேஸில் 75 புள்ளி. இருந்தும் 5 புள்ளி போதவில்லை. அந்த 5 புள்ளியை அவர் கோடைக்கு முன்பு எங்கோ ஒரு வார இறுதியில் விட்டிருந்தார்.

2020 இன்னும் கொடுமை. முகெல்லோவில் கடைசி ரேஸுக்கு முன் பியாஸ்ட்ரியும் சார்ஜென்டும் ஆளுக்கு 160 புள்ளி, ஒரே அணி. முதல் லேப்பிலேயே சார்ஜென்ட் மோதலில் சிக்கி வெளியேறினார். பிரெஞ்சுப் பையன் தியோ பூர்ஷேர் மூன்றாவதாக வந்தார். பியாஸ்ட்ரி ஏழாவதாக வந்து, அந்த ரேஸின் அன்றைய புள்ளி முறைப்படி 4 புள்ளி எடுத்தார். முடிவு: 164, 161, 160. ஏழாம் இடத்துக்குக் கிடைத்த அந்த 4 புள்ளிதான் அவரை எஃப்2வுக்கும், பிறகு மெக்லாரன் காருக்கும் கொண்டுபோன பாதையின் ஒரு கல். ஏழாம் இடத்துக்காக ஒருவர் பதறாமல் ஓட்டுவதை இவ்வளவு பதற்றத்தோடு நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

படி 10: ஒருமுறையாவது நேரில் பாருங்கள்

திரையில் எவ்வளவு பார்த்தாலும் சக்கரங்கள் மூடாமல் வெளியே தெரியும் ஓர் ஓப்பன்-வீல் கார் தடுமாறி, ஓட்டுநர் அதைத் திருத்திப் பிடிப்பது நேரில்தான் புரியும். இதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த டிராக் இருக்கிறது, ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிப்பாளையத்தில் கார் ரேஸர் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஜூனியர் ஓப்பன்-வீல் ரேஸ்கள் இரண்டு இடத்திலும் நடந்திருக்கின்றன. 2005இல் இந்தியாவின் முதல் எஃப்1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்.

நான் முதலில் சொன்ன அந்த 2024 செப்டம்பர் 1 அன்று சென்னையில் இருந்தேன். மதியம் அறையில் உட்கார்ந்து போனில் மோன்ஸா. ஃபோர்னரோலி மூன்றாம் இடத்துக்கு வந்ததும் நோட்டை மூடி, பையில் வைத்துக்கொண்டு தீவுத்திடலுக்குக் கிளம்பினேன். இரவு, விளக்கு வெளிச்சத்தில், நேப்பியர் பாலம் பக்கமெல்லாம் வேலி போட்டு, நம் சாலைகளில் இந்திய எஃப்4 கார்கள் ஓடின. ஏணியின் இரண்டு படிகளை ஒரே நாளில் பார்த்தேன்.

நேரில் போனால் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். பலமாகப் பிரேக் பிடிக்கும் வளைவு ஒன்றின் அருகே நில்லுங்கள். யார் கடைசியில் பிரேக் பிடிக்கிறார், யாருடைய சக்கரம் பூட்டிப் புகை வருகிறது, யார் ஒவ்வொரு லேப்பும் ஒரே இடத்தில் திரும்புகிறார் என்று பத்து லேப் பார்த்தால் போதும். மூன்றாமவர்தான் முட்டை வாங்காதவர் என்பது முடிவுப் பட்டியலில் தெரியும்.

படி 11: சீசன் முடிந்த பிறகு

கடைசி ரேஸ் முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஃப்3 செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அடுத்த சில மாதங்கள் யார் எந்த அணிக்குப் போகிறார்கள் என்ற செய்திகள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் அம்பு போட்டு, எஃப்2வா, இன்னொரு வருடம் எஃப்3யா, வேறு வகை ரேஸிங்கா என்று எழுதுங்கள். சிலருக்கு எதுவுமே வராது. 17ஆவது இடத்தில் முடித்த, நீங்கள் கோடிட்டு வைத்த அந்தப் பெயர் பெரிய அணி ஒன்றில் கையெழுத்திட்டதாகச் செய்தி வந்தால், புது நோட்டில் முதல் பெயராக அதை எழுதுங்கள். நான் டிசம்பர் கடைசி வாரத்தில் புது நோட்டு வாங்குவேன். பக்கங்களுக்குக் கோடு போட ஒரு ஞாயிறு மதியம் ஆகும்.